22 டிகிரி தண்ணீருக்காக ஓடிவரும் மனாட்டிகள்... ஃப்ளோரிடா ஊற்றுகளில் குளிர்காலத்தில் என்ன நடக்கிறது?

ஜனவரி மாதத்தில் ஒரு குளிர்ந்த காலை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார் பயணத்தில் இருக்கிறது ஆரஞ்ச் சிட்டி என்ற சிறிய ஊர். அங்குள்ள ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காவின் கேட் எட்டு மணிக்குத்தான் திறக்கும். ஆனால், சொர்க்கவாசல் திறப்புக்கு நிற்பதுபோல அதற்கு முன்பே கார்கள் வரிசைகட்டி நிற்கும். பார்க்கிங் நிரம்பிவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். லேட்டா வந்தவங்க, உள்ளே இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உள்ளே போனால் மரங்களுக்கு நடுவே பலகை பதித்த நடைபாதை. கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர், அதன் மேல் மெல்லிய ஆவி. முதல் பார்வைக்கு, தண்ணீருக்கு அடியில் சாம்பல் நிறப் பாறைகள் நெருக்கமாகக் கிடப்பதாகத்தான் தோன்றும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு ‘பாறை’ மெதுவாக மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடியும் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்று. அதன் முதுகோடு ஒட்டியபடி ஒரு குட்டி.

அவைதான் மனாட்டிகள். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை இப்படிக் கூட்டம் கூட்டமாக வந்து ஊற்றுகளில் தங்குகின்றன. அவற்றைப் பார்க்க மனிதர்களும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே சீசனில் இரண்டு கூட்டம் சேரும்போது யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் ஃப்ளோரிடாவில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து.

யார் இந்த மனாட்டி?

நம்ம ஊர் ஆட்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், பாக் நீரிணையில் வாழும் கடல்பசுவின் அமெரிக்கச் சொந்தம். நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வார்களே, அதுவும் மனாட்டியும் ஒரே வரிசையைச் சேர்ந்த பாலூட்டிகள். வித்தியாசம் தெரிய வாலைப் பார்த்தால் போதும். ஆவுளியாவின் வால் டால்பின் வால் மாதிரி பிளந்திருக்கும். மனாட்டியின் வால் வட்டமான துடுப்பு மாதிரி இருக்கும். ஆவுளியா கடலை விட்டு வராது. மனாட்டி கடல், முகத்துவாரம், ஆறு என்று எங்கும் போய்வரும். இந்தப் பழக்கம்தான் அதை ஊற்று வரை கொண்டுவந்து சேர்க்கிறது.

வளர்ந்த மனாட்டி ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 400 முதல் 550 கிலோ வரை எடை இருக்கும். நீருக்குள் வாழும் உயிரினங்களில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் அதே வரிசையில் உள்ள ஆவுளியா என்றால், நிலத்தில் அதன் சொந்தம் யானை. சும்மா உருவத்தை வைத்துச் சொல்வதில்லை. மனாட்டியின் முன் துடுப்பின் நுனியில் யானையின் காலில் இருப்பது போன்ற நகங்கள் உண்டு. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து முன்பக்கம் விழ விழ, பின்னாலிருந்து புதிய பற்கள் வாழ்நாள் முழுக்க நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். மணலோடு சேர்த்துப் புல்லை மென்றால் பல் தேயத்தானே செய்யும்?

சாப்பாடு பெரும்பாலும் கடற்புல்லும் நீர்த்தாவரங்களும்தான். ஒரு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை தின்னும். மீதி நேரம் தூக்கம். ஓய்வில் இருக்கும்போது 20 நிமிடம் வரைகூட மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் கிடக்கும்.

இவ்வளவு பெரிய உடம்புக்குக் குளிருமா?

குளிரும். அதுதான் இந்தக் கதையின் மையம்.

திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கு அடியில் தடிமனான கொழுப்பு அடுக்கு இருக்கிறது. ஆர்க்டிக் கடலில்கூட அவை ஜாலியாக நீந்தும். மனாட்டியின் குண்டு உடம்பைப் பார்த்தால் அதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அதன் கொழுப்பு அடுக்கு மெல்லியது. உடம்பின் பெரும்பகுதியை நிரப்புவது புல்லைச் செரிக்க வைக்கும் நீண்ட குடல். போதாததற்கு அதன் உடல் சக்தியைச் செலவழிக்கும் வேகமும் மிகக் குறைவு. அதாவது, உள்ளே எரியும் அடுப்பு எப்போதும் ‘சிம்’மில்தான் இருக்கும்.

அதனால் தண்ணீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய் அப்படியே சில நாட்கள் நீடித்தால் மனாட்டிக்கு ஆபத்து தொடங்கிவிடும். முதலில் சாப்பிடுவதை நிறுத்தும். செரிமானம் மந்தமாகும். தோலில் வெளுத்த புண்கள் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து, கடைசியில் நிமோனியா போன்ற தொற்றில் கொண்டுபோய் விடும். முதலில் பலியாவது பெரும்பாலும், அம்மாவை விட்டுப் புதிதாகப் பிரிந்த இளம் மனாட்டிகள். 2010ஆம் ஆண்டில் ஃப்ளோரிடாவில் குளிர் நீண்டுபோனபோது, குளிரால் மட்டுமே 250க்கும் அதிகமான மனாட்டிகள் இறந்தன.

தப்பிக்க என்ன வழி? நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றுகள். ஃப்ளோரிடாவின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் தேங்கியிருக்கும் நீர் வெளியே வரும்போது, கோடையோ குளிரோ, கிட்டத்தட்ட 22 டிகிரியிலேயே இருக்கும். சென்னை ஆபீஸில் ஏசியை வைக்கும் அளவு. கடலும் ஆறும் 15 டிகிரிக்கு இறங்கும்போது இந்த 22 டிகிரிதான் மனாட்டிக்கு வெந்நீர். எந்த ஊற்றுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைக் குட்டி அம்மாவோடு சுற்றும் முதல் ஒன்றிரண்டு வருடங்களில் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை கற்றுக்கொண்டால் வருடா வருடம் அதே இடம்தான்.

ஆனால் ஊற்றுத் தண்ணீரில் கதகதப்பு இருக்கும், அத்தனை மனாட்டிகளுக்கும் சாப்பாடு இருக்காது. பசித்தால் வெளியே ஆற்றுக்கோ விரிகுடாவுக்கோ போக வேண்டும், அங்கே குளிர். கடுங்குளிர் நாட்களில் பட்டினியோடு ஊற்றிலேயே கிடந்து, வெயில் ஏறியதும் வெளியே போய் மேய்ந்துவிட்டுத் திரும்பும். இந்தக் கணக்கில் சின்னத் தவறு நடந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஊற்றில் படுத்திருக்கும் மனாட்டியை ஒருவர் செல்ஃபிக்காக விரட்டினால் அது வெளியே குளிர்ந்த நீருக்குப் போகும். அதனால்தான் சாதாரணமாகத் தெரியும் ஒரு தொந்தரவு இங்கே குற்றமாகிறது.

11லிருந்து 932 வரை

ப்ளூ ஸ்பிரிங் ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1970-71 குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ இங்கே மனாட்டிகளைப் படம்பிடிக்க வந்தபோது எண்ணிக்கை வெறும் 11. நீச்சலடிப்பவர்கள், படகுகள், ஸ்கூபா வீரர்கள் என எல்லோரும் ஊற்றில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மாநில அரசு 1972இல் அந்த இடத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. பிறகு, மனாட்டி இருக்கும் மாதங்களில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற விதி வந்தது. நீச்சல், படகு எதுவும் கிடையாது. கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அவ்வளவுதான்.

வேய்ன் ஹார்ட்லி என்ற பூங்கா ரேஞ்சர் 1980களிலிருந்து குளிர்காலக் காலைகளில் துடுப்புப் படகில் போய் மனாட்டிகளை எண்ணத் தொடங்கினார். பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் மாதிரிதான். எப்படி அடையாளம் தெரியும்? சொல்லக் கஷ்டமான பதில்தான்: தழும்புகளை வைத்து. படகின் அடிப்பகுதியும் விசிறியும் கிழித்த காயங்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் வாலிலும் வெவ்வேறு வடிவில் ஆறியிருக்கும். அந்தத் தழும்புதான் கைரேகை. வயது வந்த மனாட்டிகளில் தழும்பே இல்லாததைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம் என்ற நிலை. ஃப்ளோரிடாவில் படகு மோதி இறக்கும் மனாட்டிகள் வருடத்துக்குச் சுமார் நூறு. 2019இல் அது 130ஐத் தாண்டியது.

அப்படி எண்ணி எண்ணி வந்த கணக்கில், 2024 ஜனவரியில் ஒரே காலையில் ப்ளூ ஸ்பிரிங்கில் 932 மனாட்டிகள் பதிவாகின. 11 எங்கே, 932 எங்கே! இதில் பூங்கா விதிக்கு மட்டுமே முழுப் பெருமையும் கொடுத்துவிட முடியாது. 1978இல் வந்த ஃப்ளோரிடா மனாட்டி சரணாலயச் சட்டம், படகுகளுக்கான வேகக் கட்டுப்பாட்டு மண்டலங்கள், 1981இல் பாடகர் ஜிம்மி பஃபெட்டும் அப்போதைய ஆளுநர் பாப் கிரஹாமும் தொடங்கிய ‘சேவ் தி மனாட்டி கிளப்’ என எல்லாம் சேர்ந்து நடந்தது இது. ஆனாலும், ‘கரையிலிருந்து பார்த்தால் போதும்’ என்ற முடிவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேடுவது கடினம்.

இறங்கலாமா, கூடாதா?

மாநிலத்தின் மேற்குக் கரைக்குப் போனால் கதை வேறு. டாம்பாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கிறிஸ்டல் ரிவர் என்ற ஊர். அங்குள்ள கிங்ஸ் பே விரிகுடாவின் அடியில் 70க்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. 1983இல் இங்கே கிறிஸ்டல் ரிவர் தேசிய வனவுயிர்ச் சரணாலயம் அமைக்கப்பட்டது. ஃப்ளோரிடா மனாட்டியைப் பாதுகாப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரே தேசிய சரணாலயம் இதுதான்.

இங்கே மனாட்டிகளோடு தண்ணீரில் இறங்கலாம். ஊரின் பொருளாதாரமே அதில்தான் ஓடுகிறது. விடிவதற்கு முன்பே டூர் படகுகள் கிளம்பும். மனாட்டிக்கு வெந்நீராக இருக்கும் 22 டிகிரி, மனிதருக்குப் பல் கிடுகிடுக்கும் குளிர் என்பதால் எல்லோரும் வெட்சூட் போட்டுக்கொள்ள வேண்டும். நுரைக்குழாயைப் பிடித்தபடி, முகத்தில் ஸ்நார்க்கெலோடு, ஆடாமல் அசையாமல் மிதக்க வேண்டும். கிட்டே வருவதா வேண்டாமா என்பது மனாட்டியின் விருப்பம்.

பேப்பரில் விதிகள் தெளிவாக இருக்கின்றன. 2012இல் கிங்ஸ் பேவுக்கென்றே தனி விதிகளை ஃபெடரல் அரசு கொண்டுவந்தது. துரத்தக் கூடாது, தூங்குகிற அல்லது மேய்கிற மனாட்டியின் அருகில் போகக் கூடாது, மேலே ஏறக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது, அம்மாவையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது. குளிர்காலத்தில் ஊற்றுகளைச் சுற்றிய சில பகுதிகளைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். கயிற்றுக்கு உள்ளே மனாட்டி, வெளியே மனிதர். ‘த்ரீ சிஸ்டர்ஸ்’ என்ற புகழ்பெற்ற ஊற்றுக்குள் குளிர் கடுமையான நாட்களில் யாரையும் இறங்க விடுவதில்லை.

விதியை மீறினால்? மாநிலச் சட்டப்படி 500 டாலர் அபராதமும் 60 நாள் வரை சிறையும் கிடைக்கலாம். ஃபெடரல் சட்டப்படி வழக்கு போனால் அபராதம் 50,000 டாலர் வரை, சிறை ஓராண்டு வரை. 2012இல் பினெல்லாஸ் கவுண்டி கடற்கரையில் ஒரு பெண் மனாட்டி மேல் ஏறிச் சவாரி செய்த போட்டோக்கள் வெளியாகி, பிறகு அவர் கைதும் செய்யப்பட்டார்.

நீந்துவதை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒருமுறை தண்ணீருக்கடியில் ஒரு மனாட்டியின் கண்ணைப் பார்த்தவர்கள், அடுத்த முறை படகு ஓட்டும்போது வேகத்தைக் குறைப்பார்கள் என்பது அவர்கள் கட்சி. கிங்ஸ் பேயில் பாசி மூடிய அடித்தளத்தைச் சுத்தம் செய்து புல் நட்டதும் உள்ளூர்க்காரர்கள் முன்னெடுத்த வேலைதான். இன்று அங்கே மனாட்டி மேய இடம் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மனாட்டியால் பிழைக்கும் ஊர் மனாட்டிக்காகச் செலவும் செய்கிறது.

ஆனால், பிஸியான வாரக்கடைசி ஒன்றில் ஒரே ஊற்று வாயிலில் நூறு பேர் மிதக்கும்போது ‘அசையாமல் இருங்கள்’ என்ற விதி எவ்வளவு தூரம் நிற்கும்? முதல்முறை வருபவருக்குத் தெரிந்தது தன் கையும் காலும் மட்டும்தான். மனாட்டிக்குத் தெரிவது அத்தனை கால்களும். குளிர் அதிகமான நாளில்தான் மனாட்டி அதிகம் வரும். அன்றுதான் மனிதரும் அதிகம் வருவார். அன்றுதான் மனாட்டிக்கு இடம் மிகவும் தேவை. நேரில் போகிறவர்களுக்கு முடிவெடுக்க இந்த மூன்று வரிகள் போதும். கடுங்குளிர் நாளென்றால் கரையிலிருந்து பார்ப்பதே சரி. த்ரீ சிஸ்டர்ஸிலும் பலகை நடைபாதை இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் மேலிருந்தே முதுகுத் தழும்புவரை தெரியும்.

மின் நிலையத்தின் வெந்நீர்

இயற்கை ஊற்றுகளைத் தவிர மனாட்டிகள் கண்டுபிடித்த இன்னொரு இடம் கொஞ்சம் விநோதமானது: மின் நிலையங்கள். இயந்திரங்களைக் குளிர்விக்கப் பயன்படுத்திய தண்ணீர் சூடாக வெளியே வரும் கால்வாய்களில், கடந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து அவை குளிர்காய ஆரம்பித்தன. டாம்பா அருகே அப்பல்லோ பீச்சில், பிக் பெண்ட் மின் நிலையத்தின் கால்வாயில் மனாட்டி கூட்டம் சேர்வதைப் பார்த்து, அந்த மின் நிறுவனமே 1986இல் ஒரு பார்வையாளர் மையத்தைத் திறந்துவிட்டது. நுழைவு இலவசம். புகைபோக்கிகளின் நிழலில் மனாட்டி பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

இன்றைக்கு ஃப்ளோரிடா மனாட்டிகளில் பாதிக்கும் மேல் குளிர்காலத்தில் இப்படி மின் நிலைய வெந்நீரை நம்பியிருக்கின்றன. பழைய நிலையங்கள் இனி வரும் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக மூடப்படும். பருவநிலைக்கு அது நல்ல செய்தி. ஆனால் அம்மா காட்டிய வழியில் வருடா வருடம் வரும் மனாட்டிக்கு, இந்த வருடம் வெந்நீர் வராது என்று யார் சொல்வது? கேப் கனாவரலில் இருந்த பழைய மின் நிலையத்தை 2010இல் இடித்துப் புதிதாகக் கட்டியபோது இந்தப் பிரச்னை நேரடியாகவே வந்தது. கட்டி முடியும்வரை மனாட்டிகளுக்காகவே தற்காலிக ஹீட்டர்கள் வைத்துத் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தார்கள்!

நிரந்தரமாக அப்படிச் செய்ய முடியாது. எனவே மீண்டும் ஊற்றுகளைத்தான் நம்ப வேண்டும். அங்கேயும் சிக்கல். நிலத்தடி நீரை ஊருக்கும் விவசாயத்துக்கும் உறிஞ்ச உறிஞ்ச ஊற்றின் வேகம் குறைகிறது. ப்ளூ ஸ்பிரிங்கில் மனாட்டிகளுக்குப் போதுமான வெந்நீர் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே, 2006இல் குறைந்தபட்ச நீரோட்ட அளவைச் சட்டமாக நிர்ணயித்தார்கள். இன்னொரு பக்கம், ஆக்லவாஹா ஆற்றில் 1960களில் கட்டிய அணை, மனாட்டி போக வேண்டிய ஊற்றுகளுக்கான வழியை இன்றும் மறித்து நிற்கிறது.

கதகதப்பு இருக்கு... சாப்பாடு?

2021இல் ஃப்ளோரிடாவில் 1,100 மனாட்டிகள் இறந்தன. ஒரே ஆண்டில் இவ்வளவு இறந்தது அதற்கு முன் இல்லை. கிழக்குக் கரையில் நடந்த சாவுகளுக்கு முக்கியக் காரணம் குளிரல்ல, பசி.

அங்குள்ள இந்தியன் ரிவர் லகூன் என்ற நீண்ட உப்பங்கழியில் கழிவுநீரும் உரமும் கலந்து, பாசி பெருகி, வெளிச்சம் அடி வரை போகாமல் கடற்புல் பெருமளவில் அழிந்துபோனது. கேப் கனாவரல் மின் நிலையத்தின் வெந்நீருக்கு வழக்கம்போல மனாட்டிகள் வந்தன. சுற்றிலும் மேய எதுவும் இல்லை. வெளியே தூரமாகப் போனால் குளிர். இருந்த இடத்தில் இருந்தால் பட்டினி. எலும்பு தெரிய மெலிந்த மனாட்டிகளின் படங்கள் அப்போது வெளியாகி உலகையே உலுக்கின.

மனாட்டிக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். கொடுத்துப் பழக்கினால் படகுத்துறைக்கு வந்து அடிபடும் என்பதால்தான் அந்த விதி. ஆனால் 2021-22 குளிர்காலத்தில் அதிகாரிகளே களமிறங்க வேண்டியிருந்தது. ராக்கெட் ஏவுதளங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கால்வாயில், 2 லட்சம் பவுண்டுக்கும் அதிகமான லெட்டூஸ் கீரையைக் கொட்டினார்கள். அதாவது 90 டன்னுக்கு மேல். அடுத்த குளிர்காலத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கடற்புல் ஓரளவு திரும்பத் தொடங்கியதையும் மனாட்டிகளின் உடல்நிலை தேறியதையும் பார்த்து, 2023-24இல் கீரை போடுவதை நிறுத்தினார்கள். இறப்பு 2022இல் 800ஆகவும், 2023இல் 555ஆகவும் குறைந்தது.

இப்போது ஃப்ளோரிடாவில் இருக்கும் மனாட்டிகள் 8,350 முதல் 11,730 வரை என்பது 2021-22 கணக்கெடுப்பின் மதிப்பீடு. 2017இல் ‘அழியும் நிலை’ பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானவை’ என்று மாற்றினார்கள். நாலே வருடத்தில் அந்தப் பெருஞ்சாவு வந்ததால், மாற்றியது அவசர முடிவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

புல் போனால் விலங்கும் போகும் என்பது பாக் நீரிணைக்கும் பொருந்தும். அங்கே குளிர் பிரச்னை இல்லை. ஆனால் ஆவுளியாவுக்கும் கடற்புல்தான் சோறு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தபோது, அந்தப் பகுதியின் கடற்புல் படுகைகளும் அதற்கு முக்கியக் காரணமாக இருந்தன.

போறதா இருந்தா...

ஃப்ளோரிடாவில் வேலையில் இருப்பவர்கள், சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் டிஸ்னி வேர்ல்டு டூரோடு ப்ளூ ஸ்பிரிங்கை எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 6 டாலர். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சரியான நேரம். தேதியைவிட முக்கியம் வானிலை: முந்தைய இரண்டு மூன்று இரவுகள் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வெயில் ஏறினால் மேயக் கிளம்பிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. வாரநாள் என்றால் கூட்டமும் குறைவு. தண்ணீரின் பளபளப்பைக் குறைத்துக் காட்டும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அடிவரை தெளிவாகத் தெரியும்.

விசா, டிக்கெட் எதுவும் வேண்டாம், வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. சேவ் தி மனாட்டி கிளப் ப்ளூ ஸ்பிரிங்கில் நீருக்கு மேலே ஒன்று, அடியில் ஒன்று என வெப்கேமராக்களை வைத்து நேரலையில் காட்டுகிறது. குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வரும்போது மொபைலில் திறந்தால், அப்போதுதான் அங்கே ஆவி பறக்கும் தண்ணீரில் அட்டெண்டன்ஸ் நேரமாக இருக்கும்.